மடிக்கணினி பிராசஸரை மேசைக் கணினியில் ஓவர்கிளாக் செய்ய (நிர்ணயித்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட்ட) உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் என்னிடமுள்ள என்ஃபோர்ஸ்2 சிப்செட் மதர்போர்டில், மடிக்கணினிக்கென வந்த ஏஎம்டியின் அத்லான் எக்ஸ்பி-எம் 2500+ பிராசஸரைப் பொருத்தியிருக்கிறேன். மேசைக் கணினிக்கான அத்லான் எக்ஸ்பி 2500+ (பார்ட்டன்) 1.65 வோல்ட் கேட்க, இது 1.45 வோல்ட்டிலேயே ஓடுவதும், இதன் பெருக்கி (பஸ் எனும் மதர்போர்டு இணைப்பின் வேகத்தைப் போல எத்தனை மடங்கில் பிராசஸர் ஓடும் என்ற எண்) பூட்டப்படாமல் இருப்பதுமே இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்த வோல்ட் வித்தியாசம் சிறிய விஷயமன்று.

ஆனால் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில்) பெருக்கியை 11 என்று வைத்தாலும், போர்டு அதை ஏற்காமல் 6 பெருக்கத்தில், திரையில் 800 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டியபடியே எழுகிறது. சில்லின் மேலுள்ள எல்5 பாலங்களில் (சில்லின் அமைப்பைத் தீர்மானிக்கும் சிறு மின் இணைப்புகளில்) கைவைக்க எனக்கு மனமில்லை. மாற்று பயாஸ் ஏற்றியோ, விண்டோஸிலிருந்தே பெருக்கியை உயர்த்தியோ, 200 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் 2.2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தை நிலையாக எட்டியவர்கள், எந்த வழியில், எத்தனை வோல்ட்டில் என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள். உலோக மூடியில்லாத சில்லு என்பதால், மூலை உடையாமல் கூலரை மாட்டும் முறையையும் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.