நியான் பலகை உறுமலும் பெடல் ஸ்டீலும்: வழி சொல்லுங்கள்

வணக்கம். மேடை ஒலியமைப்பு தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

டெக்சஸில் புதிதாகத் திறந்த ஒரு ஹாங்கி டாங்கில் (கன்ட்ரி இசை ஒலிக்கும் மதுக்கூடம்) வரும் சனி இரவு கன்ட்ரி பேண்ட் வாசிக்கிறது. டெலிகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார், பெடல் ஸ்டீல் (கால்களில் கிடையாக நிற்கும் பெடல் வைத்த எலக்ட்ரிக் கிட்டார்), ஃபிடில், பேஸ், டிரம்ஸ். மேடையின் பின்சுவர் முழுக்க நியான் விளம்பரப் பலகைகள். அவற்றின் டிரான்ஸ்ஃபார்மர் காந்தப்புலம் சிங்கிள் காயில் பிக்கப்பில் (தந்தி அதிர்வை மின் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்) ஏறி, 60 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளுமாக உறுமுகிறது. ஆம்ப்களுக்குத் தனி சர்க்யூட் கொடுத்தும் குறையவில்லை. ஆக, மின்கம்பி வழியாக வருவதல்ல.

டெலிகாஸ்டர்காரர் உடலைச் சற்றுத் திருப்பினாலே உறுமல் அடங்கும் கோணம் கிடைக்கும். ஸ்டீல்காரருக்கு அந்த வசதி இல்லை. கருவி நாலு காலில் நிற்கிறது. நாய்ஸ் கேட்டும் (ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனால் அடைத்துவிடும் கருவி) சரிவராது. சுரம் தேயத் தேய அவர் வால்யூம் பெடலைத் திறந்துகொண்டே போவார். சுரம் நீளும், உறுமலும் கூடவே ஏறும். கேட் போட்டால் அந்த நீண்ட இழுப்பே வெட்டுப்படும். மெதுவான வால்ட்ஸில் ஸ்டீலின் உயிரே அந்த இழுப்புதான்.

பலகைகளை எல்இடிக்கு மாற்ற உரிமையாளருக்கு மனமில்லை. இரண்டை மட்டும் அணைக்கச் சம்மதம். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். அதோடு ஸ்டீலை மேடை முனைக்கு நகர்த்தினால் போதுமா, இல்லை குறுக்காகத் திருப்பியும் வைக்க வேண்டுமா? ஸ்டீலில் ஹம்பக்கர் (உறுமலை ரத்து செய்யும் இரட்டைச் சுருள் பிக்கப்) போட்டவர்கள் யாராவது இருந்தால், மேல் ஸ்தாயியின் பளபளப்பு எவ்வளவு குறைகிறது என்று சொல்லுங்கள்.