மறு: ஆக்குபேஷன், ஜாப், புரொஃபஷன் – எல்லாவற்றுக்கும் ‘தொழில்’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம்,

ஊர்க் கணக்கெடுப்புப் படிவத்தின் தமிழாக்கம் ஆக்குபேஷன் என்ற கட்டத்தில் வந்து சிக்கி நிற்கிறது, அதனால் இந்த இழையில் வந்த கடிதங்களை எல்லாம் திரும்ப வாசித்துவிட்டு மொத்தமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> எல்லாத்துக்கும் தொழில்னே போடலாமே, ஜனங்களுக்குப் புரியும்.

புரியும் அண்ணாச்சி, ஆனால் ஆளுக்கொன்றாகப் புரியும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம் பக்கம் ‘இன்னைக்குத் தொழிலுக்குப் போகல’ என்றால் கடலுக்குப் போகவில்லை என்பதுதான் பொருள், வேறு எதுவும் அங்கே அந்தச் சொல்லுக்குள் வராது. நாகர்கோவில் கடைத்தெருவில் ‘தொழில் எப்படிப் போகுது’ என்று கேட்டால் அது வியாபாரம். தொழிலாளியிலும் தொழில், தொழிலதிபரிலும் தொழில். போதாததற்கு இலக்கணத்தில் தொழிற்பெயர் என்றால் வெறும் செயல், அதில் கூலியும் இல்லை சம்பளமும் இல்லை. இவ்வளவையும் சுமக்கிற சொல்லைக் கட்டத்துக்கு மேலே போட்டுவிட்டு, வந்த பதில்களை வகைப்படுத்த உட்கார்ந்தால் விடியாது.

ஆங்கிலத்தில் மட்டும் எல்லாம் சுத்தமாகப் பிரிந்து கிடக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். நம் அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவில் புரொஃபஷன், ஆக்குபேஷன், டிரேட், பிசினஸ் என்று நாலு சொல் வரிசையாக வரும். வரி பற்றிய 276-ஆம் பிரிவுக்குப் போனால் புரொஃபஷன், டிரேட், காலிங், எம்ப்ளாய்மெண்ட் என்று வேறொரு நாலு. ஏதாவது ஒன்று விட்டுப்போய் அந்தச் சந்தில் யாரும் தப்பிவிடக் கூடாது என்றுதான் இப்படி அடுக்குகிறார்கள் என்பது என் எண்ணம். அந்த 276-இன்படி ஆண்டுக்கு 2500 ரூபாய்க்கு மேல் போகாமல் பிடிக்கிறார்களே, அதை நாம் ‘தொழில் வரி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டோம், ஒரு குறையும் வரவில்லை. ஆகவே சட்டத்தில் வரும் அடுக்குக்கு ஒவ்வொன்றாகத் தமிழ்ச்சொல் தேடி அலைய வேண்டாம்.

வேறுபாடு உண்மையிலேயே தேவைப்படுகிற இடம் புள்ளிவிவரம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2008 வகைப்பாட்டில் ஜாப் என்பது ஒரே ஆள் செய்கிற, அல்லது செய்யவேண்டிய, கடமைகளின் தொகுப்பு. வேலைகளும் கடமைகளும் பெரிதும் ஒத்துப்போகிற ஜாப்களை ஒன்றாகச் சேர்த்தால் ஆக்குபேஷன். அப்படி 436 அடிப்படைப் பிரிவுகள், அவற்றுக்கு மேலே 10 பெரும்பிரிவுகள். இந்தியாவின் 2015 வகைப்பாடும் இதை ஒட்டியதுதான். இதோடு இண்டஸ்ட்ரி தனி. தக்கலையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆஸ்பத்திரியில் அவர் வகிக்கிற இடம் ஜாப், ஓட்டுநர் என்பது ஆக்குபேஷன், மருத்துவத்துறை என்பது இண்டஸ்ட்ரி. நாளைக்கே அவர் ரப்பர் எஸ்டேட்டில் வேன் ஓட்டப் போனால் முதலாவதும் மூன்றாவதும் மாறும், நடுவில் உள்ளது அப்படியே இருக்கும். மூன்றையும் தொழில் என்று எழுதினால் இது எங்கே தெரியும்?

நம் மாவட்டத்தில் இது இன்னும் சிக்கல். அண்டி ஆபீஸ் இருக்கிறதே. விளவங்கோடு, கல்குளம் பக்கம் முந்திரிப்பருப்பு ஆலைக்கு அதுதான் பெயர். ‘எங்க வேலை?’ ‘ஆபீஸ்ல’ என்று ஒரு அக்கா சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினால், சென்னையில் இருந்து சரிபார்க்கிற தம்பி அவரை எழுத்தர் பிரிவில் போட்டுவிட மாட்டான் என்று யார் உறுதி சொல்வது?

ஆக்குபேஷனுக்கு என் பரிந்துரை ‘செய்தொழில்’. புதிதாக உண்டாக்கியது இல்லை, குறள் 972-இல் ‘செய்தொழில் வேற்றுமையான்’ என்று இருப்பதுதான். போன வாரம் இதை ஒருவர் சொன்னபோது ‘தொழில்னாலே செய்றதுதானே, செய் எதுக்கு’ என்று இங்கே கேலி வந்தது. ஆனால் அது வினைத்தொகை மக்கா. செய்த தொழில், செய்கின்ற தொழில், செய்யும் தொழில் மூன்றும் அதற்குள் அடக்கம். மீன்பிடித் தடைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். நம் ஒரே மாவட்டத்துக்குள் சின்னமுட்டம் விசைப்படகுகள் முதல் கணக்கிலும் குளச்சல் விசைப்படகுகள் இரண்டாவது கணக்கிலும் வருகின்றன. அந்த நேரத்தில் படிவத்தோடு போய் ‘என்ன வேலை செய்றீங்க’ என்றால் ‘ஒண்ணுமில்ல, சும்மாதான் இருக்கேன்’ என்பார். வேலை இல்லை, செய்தொழில் மீன்பிடிப்பு. ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற பால்வெட்டுக்காரருக்கும் இதே கதை. மழை தொடர்ந்தால் வெட்டு இல்லை, பிப்ரவரி மார்ச்சில் ரப்பர் இலை உதிர்க்கும்போதும் பெரும்பாலும் வெட்டு இல்லை, அந்த நாட்களில் கிடைத்த கூலிவேலைக்குப் போவார். அதற்காக அவரைப் பால்வெட்டுக்காரர் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? காலத்தைக் காட்டாத ஒரு சொல் வேண்டிய இடத்தில் வினைத்தொகை கச்சிதமாக உட்காருகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்தச் சொல்லை விடமாட்டேன்.

> ஜாப் = பணி என்று வைக்கலாம். கௌரவமாக இருக்கும்.

சார் நீங்கள் சென்னைக்காரர், பணி நியமனம், பணி ஓய்வு என்று கேட்டுப் பழகியவர், உங்களுக்குக் கௌரவம்தான். மார்த்தாண்டம் பக்கம் வந்து ‘பணிக்குப் போயிருக்கான்’ என்று கேட்டுப் பாருங்கள், கொத்தன் பணி, ஆசாரிப் பணி, கிணறு வெட்டு என்று உடம்பால் செய்கிறதைத்தான் சொல்வார்கள். மலையாளத்தோடு சேர்ந்து வந்த வழக்கு, 1956 வரை திருவிதாங்கூரில் அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் இல்லையா. அங்கே வாத்தியாரிடம் ‘உங்கள் பணி என்ன’ என்று படிவத்தை நீட்டினால் ஒரு மாதிரிதான் பார்ப்பார். ஜாப்புக்கு வேலையே போதும். வேலைவாய்ப்பு அலுவலகம், 100 நாள் வேலை என்று எல்லார் வாயிலும் இருக்கிற சொல்லை எதற்குத் தூக்கிப்போட வேண்டும்? பழைய தமிழில் வேலை என்றால் கடல் என்றும் பொருள் உண்டு என்பது நம்ம கடற்கரைக்காரர்களுக்கு உபரி லாபம். பேச்சில் சோலி, ஜோலி இரண்டும் உண்டு, படிவத்துக்கு ஒத்துவராது.

கௌரவம் என்று பார்த்தால் ஜாப் என்ற சொல்லுக்கே பெரிய பரம்பரை ஒன்றும் கிடையாது. 16-ஆம் நூற்றாண்டில் அது ‘ஒரு துண்டு வேலை’ என்ற அளவில்தான் வந்தது. 1755-இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில் அதற்கு எழுதிய விளக்கம் கீழ்த்தரமான, காசு பார்க்கிற காரியம் என்கிற தொனியில் இருக்கும், அடுத்ததாகச் சில்லறை வேலை என்ற பொருளையும் கொடுத்திருப்பார். நிலையான சம்பள வேலை என்ற பொருள் வந்து சேர்ந்ததெல்லாம் அதற்கு ரொம்பப் பிறகு.

புரொஃபஷன்தான் கஷ்டம். வெளிப்படையாக அறிவிப்பது என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது, துறவு மடத்தில் சேரும்போது எடுக்கும் வாக்குறுதிக்கு முதலில் வழங்கியது, பிறகு சமயம், சட்டம், மருத்துவம் என்று மூன்று படிப்புத் தொழில்களுக்கு ஆனது. இங்கே முன்வைக்கப்பட்ட ‘உயர்தொழில்’ எனக்கு அறவே பிடிக்கவில்லை. தொழிலில் உயர்வு தாழ்வு பார்த்து இந்த ஊர் பட்டது போதாதா, பனையேறுகிறவரின் பிள்ளைகள் படும் பாட்டைக் கலைச்சொல்லிலும் கொண்டுவந்து வைக்க வேண்டுமா? இலங்கையில் ‘வாண்மை’ என்கிறார்கள், வாண்மை விருத்தி என்று ஆசிரியர் பயிற்சியில் சர்வசாதாரணமாக வரும். நல்ல சொல், ஆனால் இக்கரையில் அதற்கே ஒரு விளக்கக் குறிப்பு தேவைப்படும். ‘பயில்தொழில்’ எப்படி? படித்துச் செய்வது, செய்துகொண்டே பயில்வது இரண்டும் வருகிறது. ஆனால் ஒன்று, வளைகுடா விசாவிலும் இகாமா என்கிற சவூதி குடியிருப்பு அட்டையிலும் புரொஃபஷன் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் கொத்தனார், பைப் ஃபிட்டர் என்று எழுதியிருக்கும். அது பெயருக்குத்தான் புரொஃபஷன், உள்ளே இருப்பது செய்தொழில். அதை மொழிபெயர்க்கும்போது ‘பயில்தொழில்’ என்று போட்டுவிடாதீர்கள்.

வொகேஷனுக்கு யோசிக்கவே வேண்டாம். ‘அழைத்தல்’ என்ற மூலப்பொருள் நம் கிறிஸ்தவக் கோயில்களில் ‘இறையழைத்தல்’ என்று ஏற்கெனவே இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் வந்தால் தொழிற்கல்வி. கரியர் (career) என்பதற்கு ‘தொழில்தடம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், வண்டிப்பாதை என்ற அதன் மூலத்துக்கும் பொருந்துகிறது, எனக்குச் சம்மதம். ஆக்குபேஷனல் தெரப்பி என்கிற சிகிச்சையை மட்டும் செய்தொழிலோடு கட்டாதீர்கள். சட்டைப் பொத்தான் போடுவது, கரண்டி பிடிப்பது என்று அன்றாடம் செய்கிற எதுவும் அங்கே ஆக்குபேஷன்தான், அதில் கூலி என்ற பேச்சே கிடையாது. அதைத் தனி இழையில் பேசலாம்.

படிவத்தில் இப்போதைக்கு வேலை, செய்தொழில், துறை என்று மூன்று கட்டம் போடுகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இன்னொன்று, செய்தொழில் கட்டத்துக்கு ஒரு பெயர்ப்பட்டியல் வேண்டும். அண்டி ஆபீஸில் கொட்டை உடைப்பவர், தோல் எடுப்பவர், தரம் பிரிப்பவர் என்று நான் எழுதி வைத்திருப்பது எல்லாம் வெளியாள் பேச்சு. வீட்டில் போய்வருகிறவர்கள் இருந்தால் அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு அப்படியே அனுப்புங்கள். தோவாளையில் பூக் கட்டுகிறவர்கள், மயிலாடியில் கல் கொத்துகிறவர்கள் பட்டியலும் இன்னும் வரவில்லை.