அப்டேட்: பிபி ஃபிலிம்ல இங்க் உரியுற பிரச்சனை தீர்ந்துச்சு

பாலிப்ரொப்பிலீன் (பிபி) பிளாஸ்டிக் ஃபிலிம்ல பிரிண்ட் பண்ணிட்டு செலோடேப் ஒட்டி இழுத்தா இங்க் அப்படியே கூடவே வந்துடுதுன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, இங்க்கை மாத்துங்கன்னு நிறைய பேர் சொன்னீங்க, ஆனா பிரச்சனை இங்க்ல இல்லைங்க, ஃபிலிம்லதான்.

ஒருத்தர் சொன்ன மாதிரி டைன் பேனா (மேற்பரப்புல இங்க் எவ்வளவு நல்லா பரவி ஒட்டும்னு அளக்குற பேனா, அளவு டைன்ல) வாங்கி கோடு போட்டுப் பார்த்தோம். 38 டைன் பேனா கோடு பரவவே இல்ல, வாழை இலைல தண்ணி மாதிரி முத்து முத்தா திரண்டு நின்னுச்சு. ட்ரீட் பண்ணாத பிபி மேற்பரப்பு 30 டைன் பக்கம்தான் இருக்கும், இங்க் ஒட்ட 38க்கு மேல வேணும். ரோல் வாங்கும்போது கொரோனா ட்ரீட் (ஹை வோல்டேஜ் மின்சாரத்தால மேற்பரப்ப இங்க் ஒட்டுற மாதிரி மாத்துறது) பண்ணதுதான், ஆனா குடோன்ல ரொம்ப நாள் கிடந்ததுல உள்ள இருக்குற ஸ்லிப் அடிடிவ் (ஃபிலிம் வழுக்கிட்டு ஓட சேர்க்குற பொருள்) மேல வந்து எஃபெக்ட் குறைஞ்சிருக்கு.

இப்போ பிரிண்டிங்க்கு முன்னாடியே மெஷின்ல கொரோனா ட்ரீட்டர் வச்சு ஓட்டுறோம். ஹை வோல்டேஜ்ல காத்தே பிளாஸ்மா (மின்னூட்டம் ஏறின வாயு) ஆகி, ஃபிலிம் மேல இருக்குற பாலிமர் சங்கிலிய உடைச்சு ஆக்சிஜன் குரூப் சேர்க்குது, அதுவும் சில நானோமீட்டர் ஆழத்துக்கு மட்டும், அதனால ஃபிலிமோட பலம் குறையல. என்னா அழகான டெக்னாலஜி!

டேப் டெஸ்ட் இப்போ பாஸ். பவர மட்டும் ஓவரா ஏத்திடாதீங்க, மேற்பரப்பு சிதைஞ்சு திரும்ப ஒட்டாமப் போகும். ஓசோன் வரும், எக்ஸாஸ்ட் கட்டாயம் போடுங்க.

மூடி மாதிரி வளைஞ்ச பீஸுக்கு இது சரிவராது, அதுக்கு பிளாஸ்மா ஜெட் யூஸ் பண்றவங்க இருந்தா சொல்லுங்க.