0402 கெப்பாசிட்டர் ரீஃப்ளோவில் எழுந்து நிற்கிறது: ஓவனைச் சந்தேகப்படலாமா?

ஓசூர்_லைன்2:
வணக்கம். வீட்டு மீட்டருக்கான சர்க்யூட் போர்டு ஓட்டுகிறோம். ரீஃப்ளோ (ஓவனில் சோல்டர் பேஸ்டை உருக்கிப் பாகங்களை ஒட்டுவது) முடிந்து வரும் போர்டுகளில் 0402 கெப்பாசிட்டர்கள் ஒரு முனை பேடில் (போர்டின் செம்புத் திட்டில்) ஒட்ட, மறு முனை தூக்கி, நட்டு வைத்த எல்லைக்கல் மாதிரி நிற்கின்றன. பேஸ்ட் சாக்305 என்ற ஈயமில்லாக் கலவை, டைப் 4 துகள். பேஸ்ட் பூசும் துளைத் தகடான ஸ்டென்சில் 0.12 மி.மீ. தடிமன். எட்டு ஸோன் ஓவன், நைட்ரஜனோடு. பீக் வெப்பத்தை 243 டிகிரியிலிருந்து 250க்கு ஏற்றிப் பார்த்தோம், மாற்றமில்லை. பேஸ்ட் லாட்டையும் மாற்றியாயிற்று. ஓவனை சர்வீஸுக்குச் சொல்லிவிடலாம் என்கிறார் சூப்பர்வைசர். அதற்கு முன்னால் என்ன பார்க்கலாம்?

பேஸ்ட்_பிரியன்:
பீக்கை இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள். 255 வரை போகலாம்.

பழைய_வேவ்காரர்:
வேண்டாம். இதற்கும் பீக்குக்கும் சம்பந்தமே இல்லை. சாக்305 உருகத் தொடங்குவது 217 டிகிரியில். சிப் எழுவதும் அந்த எல்லையைத் தாண்டும் நேரத்தில்தான். 250ஐ எட்டும்போது அது எழுந்து நின்று வெகுநேரமாகியிருக்கும்.

இரண்டு பேடிலும் பேஸ்ட் ஒன்றாக உருகினால் இழுப்பு இரு பக்கமும் சமம். ஒரு பக்கம் முந்திக்கொண்டால், உருகிய சோல்டரின் பரப்பு இழுவிசை அந்த முனையைக் கீழே பிடித்து இழுக்கும். இன்னும் உருகாத மறுபக்கத்துக்குப் பிடிமானம் இல்லை, தூக்கிக்கொள்ளும். 0402 என்பது 1 மி.மீ.க்கு 0.5 மி.மீ. எடையென்று சொல்லவே ஒன்றுமில்லை. அதே ஓவனில் 1206 அசையாமல் உட்கார்ந்திருக்கும், பாருங்கள்.

ஆகவே தம்பி, ஓவனைத் தொடுவதற்கு முன் ரிஜெக்ட் போர்டுகளை லென்ஸுக்குக் கீழே வைத்து, எந்த இடம், எந்தப் பக்கம் தூக்கியிருக்கிறது என்று எழுதுங்கள். ஒரே இடத்தில் எப்போதும் ஒரே பக்கம் என்றால் போர்டு டிசைனோ ஸ்டென்சில் துளையோ காரணம். பக்கம் மாறி மாறி வந்தால் சிப்பை எடுத்து வைக்கும் பிக் அண்ட் பிளேஸ் மெஷின் பக்கம் போங்கள்.

கோவை_எஸ்எம்டி:
நைட்ரஜனையும் கவனியுங்கள். ஆக்ஸிஜன் ரொம்பக் குறைந்தால் சோல்டர் சட்டென்று பிடிக்கும்; முந்துகிற பக்கம் இன்னும் முந்தும். மீட்டர் போர்டுக்கு அது தேவைதானா என்று எனக்குச் சந்தேகம். காசு மிச்சம் என்பது வேறு விஷயம்.

ஓசூர்_லைன்2:
எழுதிப் பார்த்தேன் அண்ணா. இரண்டு விதமாக வருகிறது. சி17, சி18 என்ற கெப்பாசிட்டர்கள் இரண்டிலும் எப்போதும் கிரவுண்ட் பக்கம்தான் தூக்குகிறது. மற்ற இடங்களில் ஒழுங்கே இல்லை, இரண்டு பக்கமும் வருகிறது.

பழைய_வேவ்காரர்:
அப்படியென்றால் இரண்டு நோய். சி17, சி18இன் கிரவுண்ட் பேடு பெரிய செம்புப் பரப்போடு நேராகச் சேர்ந்திருக்கும்; மெல்லிய கால்கள் விட்டு இணைத்திருக்க மாட்டார்கள். செம்பு வெப்பத்தை உறிஞ்சிவிடும், அந்தப் பக்கம் பேஸ்ட் தாமதமாக உருகும். போர்டு வரைபடமான கெர்பர் ஃபைலைத் திறந்து பாருங்கள். டிசைனைத் திருத்தச் சொல்வதுதான் சரியான வழி. அதுவரை 200 டிகிரியிலிருந்து 217 வரை ஏறுவதை மெதுவாக்குங்கள், நொடிக்கு 1 டிகிரிக்குள். தெர்மோகப்பிளை அந்த இரண்டு பேடிலும் ஒட்டி அளக்க வேண்டும். ஓவன் திரையில் தெரியும் எண் காற்றின் வெப்பம், போர்டுடையது அல்ல.

மற்றவற்றுக்கு, ஓவனுக்குள் போகும் முன் போர்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்.

ஓசூர்_லைன்2:
சி17, சி18 கிரவுண்ட் பேடு நீங்கள் சொன்னபடியேதான், நேராகச் செம்பில் இறங்கியிருக்கிறது. மற்ற இடங்களில் பேஸ்ட் பிரிண்ட் நன்றாக இருக்கிறது, ஓரம் கூர்மையாக, இரண்டு பேடிலும் ஒரே உயரம். ஆனால் சில சிப்புகள் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன. ஒரு முனை பேஸ்ட் மேல் முழுதாக, மறு முனை ஓரத்தைத் தொட்டும் தொடாமலும். மெஷின் கேமரா சிப்பின் நிலையைத் திருத்தித்தானே வைக்கும்? அப்புறம் எப்படித் தள்ளிப்போகும்?

கோவை_எஸ்எம்டி:
கேமரா பார்த்த பிறகு நகர்ந்தால் மெஷினுக்கு எப்படித் தெரியும்? வேக்கம் பலவீனமாக இருந்தால் ஹெட் வேகமாகத் திரும்பும்போது சிப் அதை உறிஞ்சிப் பிடிக்கும் நாசிலில் வழுக்கும். சிப் ஊட்டும் ஃபீடரையும் நாசிலையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடாதீர்கள், எது என்று கடைசிவரை தெரியாது. முதலில் நாசிலை மட்டும் பக்கத்து ஹெட்டுக்கு மாற்றுங்கள். கோளாறு கூடவே போனால் நாசில். அதே ஹெட்டில் நின்றால் ஃபில்டர் அல்லது குழாய்.

ஓசூர்_லைன்2:
ஹெட்டிலேயே நின்றது. வேக்கம் ஃபில்டரைக் கழற்றினால் வெள்ளையாக இருக்க வேண்டியது கறுத்துப்போய், சிப் சுற்றி வரும் காகித டேப்பின் தூசி அடைத்திருந்தது. புதிது போட்டதும் ஒழுங்கில்லாமல் வந்தவை நின்றுவிட்டன. ஏற்றத்தை மெதுவாக்கியதில் சி17, சி18 குறைந்திருக்கின்றன, அடியோடு போகவில்லை. கெர்பர் படத்தை டிசைன்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. எழுந்து நிற்பதை ரீவொர்க் மேசையில் அயர்ன் முனையால் அழுத்திப் படுக்கவைக்கிறார்கள். சரிதானா?

பழைய_வேவ்காரர்:
கூடவே கூடாது. செராமிக் உடம்பில் சூடான முனை பட்டால் உள்ளே விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது, டெஸ்டில் பாஸாகும், பிறகு மீட்டர் வீட்டுச் சுவரில் மாட்டிய பின் ஷார்ட் ஆகும். நின்றதைக் கழற்றி எறிந்துவிட்டு, பேடைச் சுத்தம் செய்து, போர்டை அடியிலிருந்து சூடேற்றி, புதிய சிப்பை ஹாட் ஏரில் வைக்கச் சொல்லுங்கள்.