காலைத் தூக்கிப் போட முடியாத நாள்: முதுமையிலும் மிதிவண்டி ஓட்டுவோரின் அனுபவங்கள்

முதல் பகிர்வு (69 வயது)

நான் மிதிவண்டி ஓட்டத் தொடங்கி ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் ஒரு காலையில், இடது காலைப் பெடலில் ஊன்றி, வலது காலால் தரையை இரண்டு முறை உந்தி, அந்த வேகத்திலேயே வலது காலைப் பின்பக்கமாகத் தூக்கிப் போட முயன்றேன். அறுபது ஆண்டுகளாக ஒரு நாளும் யோசித்துச் செய்யாத செயல் அது. அன்று கால் கேரியரைத் தாண்டவில்லை. வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் கிடந்தோம். உள்ளங்கையில் தோல் உரிந்ததைத் தவிர வேறு காயம் இல்லை. ஆனால், ஓடி வந்து வண்டியைத் தூக்கி நிறுத்திய பத்து வயதுச் சிறுவன், சிறிதும் கேலி இல்லாமல், உண்மையான அக்கறையோடு, "தாத்தா, சைக்கிள் கத்துக்கிறீங்களா?" என்று கேட்டான். "ஆமாம் தம்பி" என்றேன். அதைத் தவிர வேறு என்ன சொல்வது?

அந்தக் கேள்வி என்னை உண்மையிலேயே கற்றுக்கொண்ட நாள்களுக்குக் கொண்டு போய்விட்டது. எங்கள் வீட்டில் இருந்தது அப்பாவின் 28 அங்குலச் சக்கர வண்டி ஒன்றுதான். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பார் கம்பியின் மேல் காலைப் போடவும் உயரம் போதாது. எனவே, அந்த உயரத்துப் பிள்ளைகள் எல்லோரையும் போல நானும் பாருக்குக் கீழே முக்கோணத்தின் வழியாக வலது காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுத்தான் கற்றேன். இடது கை ஹேண்டிலைப் பிடித்திருக்கும், வலது கை பாரை அணைத்திருக்கும், உடல் முழுவதும் ஒரு பக்கம் தொங்கும், அதை ஈடுகட்ட வண்டி மறுபக்கம் சாய்ந்தே போகும். பெடல் முழுச் சுற்று வராது. அரைச் சுற்று முன்னே மிதித்து, அரைச் சுற்று பின்னே கொண்டு வர வேண்டும். ஃப்ரீ வீலின் 'டிக் டிக்' ஒலி இன்றும் என் காதில் இருக்கிறது. அரைப் பெடலிலிருந்து பாருக்கும், பாரிலிருந்து சீட்டுக்கும் ஏறி வர ஒரு வருடம் பிடித்தது. அப்போதும் ஓட்டுவதில் எனக்குப் பயம் இருந்ததில்லை. எங்கே, எப்படி இறங்குவது என்பதுதான் பயம். கால் ஊன்றுவதற்கு ஒரு திண்ணையோ கல்லோ கண்ணில் படும் வரை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இரவில் ஓட்டிய நினைவென்றால் அது டைனமோ நினைவுதான். பின் டயரோடு உரசி ஓடும் அந்தச் சிறு குப்பி 6 வோல்ட், 3 வாட் மின்சாரம் தரும் என்பது பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. அதை டயரோடு சாய்த்து விட்டதும் வண்டி கனத்துப் போவதைக் கால் முன்பே அறிந்திருந்தது. வேகமாகப் போனால் விளக்கு பளிச்சென்று எரியும். மேட்டில் மூச்சு வாங்கி மெதுவாக ஏறும்போது, குழி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டிய அதே இடத்தில், மங்கிப் போய்விடும்.

அந்த வண்டியைத்தான் இத்தனை ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அதன் சங்கிலிச் சக்கரங்களில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, ஐந்தரை மீட்டர் அளவுக்கு நகரும். இளமையில் மேடு வந்தால் எழுந்து நின்று மிதித்துவிடுவேன். இப்போது எழுந்து நின்றால் முழங்கால் மறுக்கிறது. கியர் வைத்த வண்டியில் முன்னும் பின்னும் சம அளவுப் பல் சக்கரங்களைச் சேர்த்தால் ஒரு மிதிக்கு இரண்டு மீட்டரை ஒட்டித்தான் நகரும். மெதுவாகப் போகும், ஆனால் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. பார் தாழ்ந்த வண்டி வாங்கிக்கொள்ளும்படி மகள் இரண்டு ஆண்டுகளாகச் சொல்கிறாள். அதை 'லேடீஸ் சைக்கிள்' என்று சொல்லி வளர்ந்த தலைமுறை நான். தடுத்தது கால் அல்ல, வீம்பு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். என்னைப் போன்றவர்கள் எதை மாற்றிக்கொண்டீர்கள், எதை விட்டுவிட்டீர்கள் என்று எழுதினால் பயன்படும்.

இரண்டாம் பகிர்வு (ஓய்வு பெற்ற ஆசிரியை, 63 வயது)

ஐயா, அந்தச் சிறுவனின் கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் நான் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்காது, ஏனென்றால் நான் 57 வயதில்தான் கற்றுக்கொண்டேன். சிறுவயதில் அண்ணனின் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்குப் போனதோடு சரி. முன்னால் அவர் முதுகும் பக்கவாட்டில் ஓடும் தரையும்தான் நான் அறிந்த மிதிவண்டிப் பயணம்.

பிறர் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வர, அவர்கள் விட்டதும் விழும் முறை என் வயதுக்கு ஒத்துவராது என்று முதலிலேயே முடிவு செய்தேன். பெடல் இரண்டையும் கழற்றிவிட்டு, இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் படியும்படி சீட்டை இறக்கி, நடப்பது போலத் தள்ளிக்கொண்டே பழகினேன். 1817-இல் கார்ல் வான் டிரைஸ் என்ற ஜெர்மானியர் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டிக்கும் பெடல் கிடையாது, காலால் உந்தித்தான் போக வேண்டும் என்று படித்தபோது, வரலாற்றை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். (கழற்ற நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: இடது பெடலின் மரை தலைகீழானது. வலதைக் கழற்றிய அதே திசையில் இடதையும் திருகி, அரை மணி நேரம் அதை மேலும் மேலும் இறுக்கிக்கொண்டிருந்தவள் நான்.) பத்தாம் நாள், இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டு இருபது அடி உருண்டேன். அதன் பிறகு பெடலைப் பூட்டியபோது, சமநிலைக்காகத் தனியாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் ஒரு குறை நீங்கவில்லை. எதிரே ஏதாவது வந்தால் கண் முன் சக்கரத்துக்குத் தாழ்ந்துவிடும். வண்டி உடனே ஆடும். ஒரு மாலை, என்னைவிட மூத்தவர் ஒருவர் தம் வண்டியில் எனக்கு இணையாக வந்து, "அம்மா, சக்கரத்தைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். அவரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. எத்தனையோ ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு, ஒரே வாக்கியத்தில் முடிந்த அந்தப் பாடத்தின் மேல் சிறிது பொறாமைகூட உண்டு.

நான் மாற்றிக்கொண்டது ஒன்றுதான். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தால் தோளும் சேர்ந்து திரும்புகிறது, தோளோடு ஹேண்டிலும் திரும்புகிறது. ஹேண்டிலின் ஓரத்தில் ஒரு கண்ணாடி பொருத்திக்கொண்டேன். நின்றுவிட்ட பிறகுதான் தலையைத் திருப்புகிறேன்.

மூன்றாம் பகிர்வு (எலும்பு மருத்துவர், ஓய்வு, 71 வயது)

முழங்காலைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள் என்பதால் என் வெட்கக் கதையைச் சொல்கிறேன். ஓராண்டு முழுவதும் எனக்கு முழங்காலின் முன்பக்கம் வலித்தது. வயதுத் தேய்மானம் என்று நானே முடிவு கட்டி, மற்றவர்களுக்குச் சொல்லும் அறிவுரைகளை எல்லாம் எனக்கும் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் பழுது பார்க்க வந்தவர், சீட்டுக் கம்பி தளர்ந்து இரண்டு சென்டிமீட்டர் கீழே இறங்கியிருப்பதைக் காட்டினார். உயர்த்தி இறுக்கிய சில வாரங்களில் வலி போய்விட்டது. சீட் தாழ்ந்தால் முழங்கால் அதிகமாக மடங்கிய நிலையிலேயே அழுத்தம் வாங்குகிறது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். ஓட்டத் தெரிந்தவர்கள் இந்த எளிய சோதனையைச் செய்வதே இல்லை, என்னையும் சேர்த்துத்தான்.

இன்னொன்று. உடல் எடையைச் சீட் தாங்குவதால்தான் மிதிவண்டி மூட்டுகளுக்கு இதமாக இருக்கிறது. அதே காரணத்தால் எலும்பின் உறுதிக்கு அது பெரிதாக உதவுவதில்லை. நடப்பதையும் சிறிது எடை தூக்குவதையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லை, வீக்கம் இல்லை என்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலைக்கவசம் அணியுங்கள் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் பகிர்வு (74 வயது)

இந்தப் பேச்சு வந்தாலே பிரான்ஸ் நாட்டு ராபர்ட் மார்ஷானைப் பற்றி யாராவது சொல்வார்கள், நானே முந்திக்கொள்கிறேன். 1911-இல் பிறந்த அவர், 2012-இல் ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்கு மேலும், 2014-இல் 26.927 கிலோமீட்டரும் ஓட்டினார். 2017-இல், 105 வயதில், 22.547 கிலோமீட்டர் ஓட்டினார். எல்லோரும் முதல் இரண்டு எண்களுக்கு வியக்கிறார்கள். எனக்குப் பிடித்தது மூன்றாவது எண். நான்கு கிலோமீட்டருக்கு மேல் குறையும் என்று தெரிந்தும் மறுபடியும் வண்டியில் ஏறினாரே, அந்த மனம் பெரிது.

என் குறைவு வேறு விதமானது. உள்காதில் ஏற்பட்ட கோளாறால் சமநிலை போய்விட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூன்று சக்கர வண்டிக்கு மாறினேன். மூன்று சக்கரம் என்றால் எளிது என்று நினைப்பவர்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரு சக்கர வண்டியில் திரும்ப வேண்டுமானால் உடல் தானாகச் சாயும், வண்டி கூடவே சாயும். இது சாயாது. முதல் நாள், என் உடல் இடது பக்கம் சாய்ந்துகொண்டிருக்க, வண்டி நேராகப் போய் ஒரு வேலியில் முட்டி நின்றது. வளைவில் வேகமாகப் போனால் வெளிப்பக்கமாகக் கவிழப் பார்க்கும். சாலை ஓரம் சரிந்திருந்தால் வண்டி சரிவை நோக்கி இழுக்கும். எல்லாவற்றையும்விட மறக்கக் கடினமாக இருந்தது, நிறுத்தும்போது காலைக் கீழே ஊன்றும் பழக்கம். ஊன்றத் தேவையே இல்லாத வண்டியில் ஊன்றி, பின் சக்கரம் என் குதிகாலிலேயே ஏறியது. அறுபது ஆண்டுப் பழக்கம் எனக்குச் செய்த கைம்மாறு அது.

என்னோடு காலையில் வருபவர் என் பழைய அலுவலக நண்பர். இளமையில் ஒரே வண்டியில் டபுள்ஸ் போனவர்கள் நாங்கள். மேட்டில் அவர் மிதிப்பார், இறக்கத்தில் நான். இப்போது அவர் இரு சக்கரத்தில், நான் மூன்று சக்கரத்தில். நான் போகும் வேகத்துக்கு அவர் வண்டி நிற்காமல் ஆடுகிறது. இரு சக்கரம் நிமிர்ந்திருக்கச் சிறிது வேகமாவது வேண்டும் அல்லவா? எனவே அவர் ஐம்பது அடி முன்னே போவார், வட்டமடித்துத் திரும்பி வருவார், மறுபடியும் போவார். நான் ஐந்து கிலோமீட்டர் போனால் அவர் எட்டுக் கிலோமீட்டர் ஓட்டியிருப்பார். "எனக்குக் கூடுதல் பயிற்சி" என்கிறார். பேச்சு மட்டும் துண்டு துண்டாக நடக்கிறது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு முன்னே போய்விடுவார். வினைமுற்றுக்கு நான் காத்திருக்க வேண்டும்.

முதலாமவர் மீண்டும்

அனைவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா சொன்னபடி குதிகால் சோதனை செய்தேன். என் சீட்டும் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் சீட்டை உயர்த்தினால் ஏறுவது இன்னும் கடினமாகிவிடுகிறது. எனவே முடிவு செய்துவிட்டேன். மகளின் பார் தாழ்ந்த வண்டியை வாங்கி ஒரு வாரமாக ஓட்டுகிறேன். உந்திக்கொண்டு ஓடும் வண்டியில் தாவி ஏறுவதை விட்டுவிட்டேன். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, நின்ற நிலையிலேயே முன்பக்கமாகக் காலை உள்ளே வைத்து, ஒரு பெடலைச் சற்று மேலே கொண்டு வந்து, அதை அழுத்திய பிறகே சீட்டில் அமர்கிறேன். இறங்கும்போது முதலில் வண்டி முழுதும் நிற்கிறது, பிறகு கால் தரையில் படுகிறது. எழுத்தில் எளிதாக இருக்கிறது. மூன்று நாள்கள் வரை உடல் பழைய முறைக்கே ஓடியது.

அதே சிறுவனை நேற்று மாலை பார்த்தேன். "கத்துக்கிட்டீங்களா, தாத்தா?" என்றான். "ஏறக் கற்றுக்கொண்டேன், இறங்குவதில் இன்னும் கொஞ்சம் பாக்கி" என்றேன். அவன் கண் சுவரில் சாய்ந்திருந்த என் அப்பாவின் வண்டி மேல் போனது. இவ்வளவு உயர வண்டியில் எப்படி ஏறுவது என்று கேட்டான். அவனிடம் இருப்பது அவன் உயரத்துக்கே செய்த சின்ன வண்டி. குரங்குப் பெடல் என்ற சொல்லையே அவன் கேட்டதில்லை. என்னால் ஓட்டிக் காட்ட முடியாது. ஆனால் எந்தக் கை எங்கே, எந்தக் கால் எங்கே என்று சொல்லி, கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க முடியும். நாளை மாலை வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் பின் டயருக்குக் காற்றடித்து, பிரேக் கட்டைகளையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.