அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு ஸ்மார்ட் சாமான்கள்: எதை முதலில் வாங்கலாம்?

குடந்தையான்:
கும்பகோணத்தில் அப்பா, அம்மா மட்டும் இருக்கிறார்கள், நான் சென்னையில். அம்மாவுக்கு மூட்டுவலி, ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போய்த்தான் லைட்டைப் போட வேண்டும். கீசரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. போன மாதம் ஹாலில் ஒரு ஸ்மார்ட் பல்ப் மாட்டினேன். அப்பா வழக்கம்போல் படுக்கும்போது சுவிட்சை அணைத்துவிடுகிறார், ஆப்பில் பார்த்தால் ஆஃப்லைன். 5,000 ரூபாய்க்குள் என்ன செய்யலாம்?

வயர்மேன் மகன்:
அப்பா மேல் தப்பில்லை, 40 வருஷப் பழக்கம். சுவிட்சை அணைத்தால் பல்புக்குக் கரண்டே போகாது, அப்புறம் அது எப்படி வைஃபையில் இருக்கும்? பல்பை விட்டுவிட்டு சுவிட்ச் போர்டுக்குள் வைக்கிற ரிலே மாட்யூல் (ஆப்பிலிருந்து லைட்டைப் போட்டு அணைக்கும் சின்னப் பெட்டி) வாங்குங்கள். பழைய சுவிட்சும் வேலை செய்யும், ஆப்பும் வேலை செய்யும், அவர்கள் புதிதாக எதையும் பழக வேண்டாம். பெரும்பாலான மாட்யூலுக்கு நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், வேண்டும். சாக்கெட் இருக்கும் போர்டில் அது இருக்கும், தனி சுவிட்ச் மட்டும் உள்ள பெட்டியில் பல நேரம் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.

அம்மா பாத்ரூம் போகும் வழிக்கு இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஆள் நடந்தால் தானே எரியும் சென்சார் லைட் ஒன்று போதும், வைஃபை, ஆப் எதுவும் கிடையாது. இன்றைக்கே வாங்குங்கள், கீழே விழுந்தால் அந்த வயதில் எலும்பு கூடுவது கஷ்டம்.

திருச்சி மலைக்கோட்டை:
கீசர் விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் என்றால் 13. நான் விலை குறைவு என்று 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கை (சாக்கெட்டுக்கும் கீசருக்கும் நடுவில் மாட்டி ஆப்பில் ஆன், ஆஃப் செய்வது) வாங்கி மாட்டினேன், இரண்டு மாதத்தில் பிளக் பின்னின் ஓரம் கருகி பிளாஸ்டிக் உருகிவிட்டது, நல்லவேளையாக நாற்றம் வந்ததால் கவனித்தேன். 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்தான் வாங்க வேண்டும், சாக்கெட்டும் தளர்வில்லாமல் இருக்க வேண்டும். ஆன் ஆனதிலிருந்து 20 நிமிஷத்தில் தானாக அணைய டைமர் வைத்துவிடுங்கள். தண்ணீர் மோட்டாரை மட்டும் இந்த பிளக்கில் மாட்டிவிடாதீர்கள், ஓட ஆரம்பிக்கும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும், அதற்குக் கான்டாக்டர் (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்ச்) வைக்க வேண்டும்.

குடந்தையான்:
ரொம்ப நன்றி. எங்கள் தெருவில் அடிக்கடி கரண்ட் போகும், அப்போது என்ன ஆகும்?

இரவல் மெக்கானிக்:
முதல் வேலையாக ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள். ஆப்பில், கரண்ட் திரும்பி வந்ததும் என்ன நிலையில் இருக்க வேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கும், கீசர் பிளக்குக்கு அதை ஆஃப் என்று வையுங்கள், இல்லையென்றால் யாரும் போடாமலே கீசர் ஓடும். இந்தச் சாமான்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும், 5-இல் தேடினால் கிடைக்காது. முடிந்தால் மேட்டர் (Matter) குறி போட்டதாகப் பாருங்கள், 2022-இல் வந்த பொதுத் தரம், வேறு வேறு கம்பெனிச் சாமான்கள் ஒரே ஆப்பில் சேரும்.

குடந்தையான்:
சரி, சென்சார் லைட்டும் 16 ஆம்பியர் பிளக்கும் முதலில். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது போர்டைக் கழற்றி நியூட்ரல் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லிவிட்டு எழுதுகிறேன்.