தெற்குப் பால்கனியில் வடகம், மோர் மிளகாய்: எப்போது காயவைப்பது, எங்கே வைப்பது?

கேட்டவர்: புதுக்குடித்தனம்

சென்னையில் ஆறு மாடிக் கட்டடம், எங்கள் வீடு நாலாவது மாடி. தெற்குப் பார்த்த பால்கனி, 10 அடி நீளம், 4 அடி அகலம். கம்பி கிராதிதான், கட்டைச்சுவர் இல்லை. மொட்டைமாடி ஞாயிறு மட்டும் திறப்பார்கள். மே மாதக் கத்திரி வெயிலில் கூழ் வடகமும் மோர் மிளகாயும் போட உத்தேசம். போன வருஷம் அதே மே மாதம் போட்ட வடகம் மூன்று நாள் ஆகியும் வளைந்தது. பொரித்தால் ஓரம் பூத்து, நடு கல் மாதிரி நின்றது. மிச்சம் ஐப்பசி மழையில் பூசணம் பிடித்துவிட்டது.

கூடவே வருஷத்துக்குத் துவரம்பருப்பு 5 கிலோ, புளி 3 கிலோ, மிளகாய் வற்றல் 2 கிலோ வாங்கிவைக்கவும் ஆசை. அரிசி எப்போதும் 25 கிலோ மூட்டை. சமையலறை 8க்கு 7 அடி. அடுப்புக்கு மேலே பரண் காலியாக இருக்கிறது. ஒரு சுவரில் புதிதாக ஷெல்ஃப் அடிக்கலாம், ஆனால் அது வெளிச்சுவர். எதை எங்கே வைப்பது?

பதில்: கூழ்க்கரண்டி

முதலில் மாதத்தை மாற்றுங்கள். தெற்குப் பால்கனிக்குக் கத்திரி வெயிலால் ஒரு பயனும் இல்லை. சென்னையில் ஏப்ரல் 25 வாக்கில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்துவிடும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் 18 வரை வடக்குப் பக்கமாகவே போகும். மே மாதம் காலையில் உதிப்பதிலிருந்து மாலை மறைவது வரை உங்கள் பால்கனிக்குள் ஒரு கதிர்கூட நேராக விழாது. சூடு இருக்கும், அனல் இருக்கும், வெயில் இருக்காது. போன வருஷ வடகம் வளைந்ததற்கு இதுவே போதும்.

மேல்வீட்டுத் தளம் உங்கள் தரையிலிருந்து 9 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், உச்சிப்பொழுதில் வெயில் உள்ளே எட்டும் தூரம் ஏறத்தாழ இப்படி: பொங்கல் சமயம் 6 அடி, பிப்ரவரி நடுவில் நாலரை அடி, மார்ச் நடுவில் இரண்டரை அடி, ஏப்ரல் பிறந்தால் ஓர் அடிதான். உங்கள் பால்கனி 4 அடி. ஆகவே தை கடைசியிலிருந்து மாசி பாதிவரைதான் உங்களுக்குச் சித்திரை. மழையும் அப்போது அநேகமாக இராது. ஒரே தொல்லை பனி. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது சும்மா இல்லை, பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும். வெளியே விட்டால் பகலில் போன ஈரம் ராத்திரி திரும்பி வந்துவிடும். உள்ளே மின்விசிறிக்கு அடியில் வையுங்கள்.

இனி கூழ். அரைக் கிலோவுக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். நாலு முழ வேட்டியை இரண்டாக மடித்து விரித்தால் அவ்வளவுதான் நெருக்கமில்லாமல் பிழியலாம்.

பச்சரிசி மாவு அரைக் கிலோ, ஜவ்வரிசி 100 கிராம், பச்சை மிளகாய் 12 முதல் 15, உப்பு 20 கிராம், கொஞ்சம் பெருங்காயம், எலுமிச்சம்பழம் 2. ஜவ்வரிசியை முதல்நாள் ராத்திரியே ஊறவைக்க வேண்டும். அச்சில் பிழிவதற்கு மாவு ஒரு பங்கு என்றால் தண்ணீர் மூன்று பங்கு. கரண்டியால் ஊற்றுவதற்கு ஐந்து பங்கு. தண்ணீரில் ஒரு பங்கை மாவு கரைக்க எடுத்துவைத்து, மீதி கொதித்ததும் உப்பு, அரைத்த மிளகாய், ஜவ்வரிசி. ஜவ்வரிசி கண்ணாடியாகும்வரை பொறுங்கள். அப்புறம் தீயைக் குறைத்து, கட்டியில்லாமல் கரைத்த மாவை ஊற்றிக் கிளற வேண்டும்.

நடு கல்லாவதற்கு மாவு வேகாததும் ஒரு காரணம். கூழ் வெள்ளையாக இருக்கும்வரை வேகவில்லை என்றே அர்த்தம். நிறம் மங்கிப் பளபளப்பு வர வேண்டும், ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. அதற்குப் பிறகும் மூடிபோட்டு ஐந்து நிமிடம் சிறு தீயில் விடுங்கள். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகே சேர்க்கவும். கொதிக்கும் கூழில் புளிப்பு சேர்ந்தால் கூழ் நீர்த்துப்போகும், பிழிந்தது பரவிவிடும். உப்பு, கூழைச் சுவைக்கும்போது சற்றுக் குறைவாகத் தெரிய வேண்டும். காய்ந்தால் ஏறும்.

பிழிவது காலை 8 மணிக்குள். முதல்நாள் மாலையே கிண்டி வைக்கிறவர்கள் உண்டு. அந்தக் கூழ் புளித்துவிட்டால் வடகம் பொரிக்கும்போது சிவக்கும்.

காய்ந்ததா என்று பார்க்க வளைக்காதீர்கள், உடையுங்கள். உடைந்த இடம் நடுவரை ஒரே மாதிரிக் கண்ணாடியாக இருக்க வேண்டும். நடுவில் மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தால் இன்னும் ஒரு வெயில். அந்த ஒன்றுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடி.

பதில்: ஊறல்ஜாடி

கூழ்க்கரண்டி சொன்ன மாதக் கணக்கு மோர் மிளகாய்க்கு இன்னும் அவசியம். வடகம் மூணு நாலு நாள்ல முடிஞ்சிடும், மிளகாய்க்குப் பத்து நாளாவது வெயில் வேணும். அதனால மிளகாயை முதல்ல போடுங்க, வடகத்தை அப்புறம் வச்சுக்கலாம்.

ஒரு கிலோ குண்டுப் பச்சை மிளகாய். கழுவி, துணியில பரத்தி, ஈரம் சுத்தமாப் போகணும். காம்பைக் கிள்ளிடாதீங்க, பாதி விடுங்க. நுனிப்பக்கம் சின்னதா ஒரு கீறல் போதும். நீளமாக் கீறினா விதையெல்லாம் மோர்ல கொட்டிடும், வெறும் தோல்தான் மிஞ்சும். நல்லாப் புளிச்ச தயிர் அரை லிட்டர், அதே அளவு தண்ணி விட்டுக் கடைஞ்சு, கல்லுப்பு 150 கிராம் கரைச்சுக்குங்க. பீங்கான் ஜாடி இல்லேன்னா கண்ணாடி. அலுமினியம் கூடவே கூடாது, புளிப்பும் உப்பும் அரிச்சிடும்.

மூணு நாள் ஊறணும், தினம் ரெண்டு தடவை குலுக்கி விடணும். மேலே மிதக்கிற மிளகாய்லதான் பூசணம் ஆரம்பிக்கும், அதனால குலுக்கறதை விடாதீங்க. நாலாம் நாள்லேர்ந்து காலையில மிளகாயை வடிச்சு வெயில்ல, சாயந்திரம் திரும்ப அதே மோருக்குள்ள. மோர்ச் சட்டியையும் கூடவே வெயில்ல வைங்க. மூணு, நாலு சுத்துல மோர் முழுக்க இழுத்துடும். அதுக்கப்புறம் வெறும் வெயில், கையில எடுத்துக் குலுக்கினா விதை சலசலக்கற வரைக்கும்.

வெள்ளையா ஏதாவது தெரிஞ்சா உடனே தூக்கிப் போடாதீங்க. ஒரு சொட்டுத் தண்ணி தொட்டுத் தேய்ச்சுப் பாருங்க. கரைஞ்சு போனா உப்புப் பூத்திருக்கு. பஞ்சு மாதிரி இருந்து, மக்கின வாடை அடிச்சா பூசணம். அது இருந்தா அந்தத் தட்டு மொத்தமும் குப்பைக்கு. துடைச்சு, வறுத்துச் சாப்பிடலாங்கற பேச்சே வேண்டாம்.

இன்னொண்ணு. மோர் மிளகாயையும் வடகத்தையும் ஒரே டப்பாவுல வைக்காதீங்க. காத்துல ஈரம் 75 சதவீதத்துக்கு மேல போனா உப்பு தண்ணியை இழுக்க ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகையில நம்ம ஊர்ல அதுக்குக் கீழே இருக்கிற நாளே கம்மி. மிளகாய் இழுத்த ஈரம் பக்கத்துல இருக்கிற வடகத்துக்கும் போகும்.

கேட்டவர்: புதுக்குடித்தனம்

இருவருக்கும் நன்றி. பிளாஸ்டிக் விரிப்பா, துணியா? போன முறை பிளாஸ்டிக்கில்தான் பிழிந்தோம். எடுப்பது சுலபமாக இருந்தது.

பதில்: கூழ்க்கரண்டி

எடுப்பது சுலபம்தான், அடிப்பக்கம் காயாது. மொட்டைமாடி வெயிலில் பிளாஸ்டிக் சரிவரும், ஏனென்றால் தரையே கொதிக்கும். பால்கனியில் துணிதான். பழைய பருத்தி வேட்டியை நனைத்து, முறுக்கிப் பிழிந்து விரியுங்கள். மறுநாள் துணியைத் திருப்பிப்போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் விட்டால் உரிந்து வரும். உரித்ததைத் தாம்பாளத்தில் பரப்பி மறுபடி வெயிலில்.

வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு டப்பாவில் போட்டு மூடாதீர்கள். மூடிக்குள் வியர்க்கும். ஒரு மணி நேரம் ஆறட்டும். பெரிய டின் ஒன்றுக்குப் பதில் சின்ன டப்பா நாலு. ஒன்று காலியான பிறகே அடுத்ததைத் திறப்பது.

பதில்: அஞ்சறைப்பெட்டி

பருப்பு, புளிக்கு நான்.

துவரம்பருப்பு உடைத்த பருப்பு என்பதால் முழுப்பயறைப் போல அவ்வளவு வண்டு விழாது. பயறு வண்டு முட்டையிடத் தேடுவது முழு விதையை. ஆகவே உங்கள் கவலை கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி பற்றி இருக்கட்டும். துவரம்பருப்புக்குக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய், 5 மி.லி., கையால் புரட்டி, அரை நாள் நிழலில் பரப்பி, டப்பாவில் அடைத்தால் போதும். எண்ணெய் கூடினால் நாள்பட்டுச் சிக்கு வாடை வரும்.

முழுப்பயறுகளை வாங்கிவந்த அன்றே பையோடு உறைபெட்டியில் நாலைந்து நாள் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. பை அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த பயறின்மேல் காற்றின் ஈரம் படிந்து, வண்டைக் கொன்று பூசணத்தை வரவழைத்த கதையாகும்.

அரிசியில் வண்டு வந்தால் வெயிலில் கொட்டாதீர்கள். சுள்ளென்ற வெயிலில் அரிசி விரிசல் விடும், சோறு நொய்யாகும். நிழலில் மெல்லிசாகப் பரப்பினால் வண்டு தானே வெளியேறும். போரிக் பவுடர் கலக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது வேண்டாம், கழுவினால் முழுக்கப் போய்விடும் என்று நம்ப முடியாது. வேப்பிலை போடுவதானால் சருகாகக் காய்ந்தது. பச்சை இலை டப்பாவுக்குள் ஈரத்தை விடும்.

புதுப்புளி வருவதும் மாசி, பங்குனியில்தான். கொட்டை, கோது, நார் எடுத்து ஒரு நாள் வெயில். கிலோவுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு, அடுக்கடுக்காகத் தூவி, மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அழுத்தி வைக்க வேண்டும். வருஷக் கடைசியில் கறுக்கும், அது கெட்டதில்லை. மிளகாய் வற்றலைக் காம்போடு வையுங்கள். காம்பு போன ஓட்டை வழியாக ஈரமும் பூச்சியும் உள்ளே போகும். ஆனால் 2 கிலோவும் முழுசாக வேண்டுமா? மழைக்கு முன் ஒரு கிலோவை அரைத்துக் காற்றுப் புகாமல் வைத்தால் இடமும் மிச்சம்.

பதில்: உளிச்சத்தம்

அடுப்புக்கு மேலே இருக்கிற பரணை மறந்துவிடுங்கள். குக்கர் ஆவி, எண்ணெய்ப் புகை எல்லாம் அங்கேதான் ஏறும். பழைய பாத்திரம், இட்லிக் கொப்பரை வைக்க அது போதும்.

வெளிச்சுவரில் ஷெல்ஃப் அடிக்கலாம். ஆனால் பின்பலகை அடித்துச் சுவரோடு ஒட்டாதீர்கள். மழைக்குச் சுவர் ஓதம் இழுத்தால் பலகைக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பின்பலகை இல்லாமல், சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி, பிராக்கெட்டின்மேல் தட்டு. ஐப்பசியில் ஒருமுறை கையை விட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

தட்டுக்கு 18 மி.மீ. பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) உள்ளது. துகள்பலகை விலை குறைவு, ஒருமுறை ஈரம் பட்டால் ஓரம் உப்பிவிடும். தாங்கிக்குத் தாங்கி 75 செ.மீ.க்கு மேல் விடாதீர்கள். புளி ஜாடியும் பருப்பு டின்னும் வைத்தால் நடு தொய்யும். அகலம் 30 செ.மீ. போதும். 60 செ.மீ. போட்டால் பின்வரிசையில் இருப்பது அடுத்த வருஷம்தான் கண்ணில் படும். வெட்டிய ஓரங்களை அப்படியே விடாமல் எட்ஜ் பேண்டோ பெயின்ட்டோ அடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான்.

துளை போடுவதற்கு முன் சுவர் என்ன என்று கேளுங்கள். செங்கல் என்றால் சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்கும். எடை குறைந்த ஏ.ஏ.சி. கல் (உள்ளே காற்றுக்குமிழி நிறைந்த கான்கிரீட் கல்) என்றால் அதற்கென்றே விற்கும் பிளக் வேண்டும், மற்றது பாரம் ஏறினால் கழன்று வரும்.

அரிசி தட்டுக்குப் போகக் கூடாது. 25 கிலோவுக்கு 35 லிட்டர் டிரம், தரையில், அடியில் 4 அங்குல ஸ்டாண்ட், வெளிச்சுவர்ப் பக்கம் வேண்டாம். பருப்பு 5 கிலோ 7 லிட்டர் டின்னில் அடங்கும், இடுப்பு உயரத் தட்டில் வைக்கலாம். புளி ஜாடி அதற்குக் கீழ்த் தட்டு. வடகம் எடையில்லை, இடத்தை அடைக்கும், அதனால் மேல் தட்டு. மோர் மிளகாய் அதன் மறு கோடியில்.

கேட்டவர்: புதுக்குடித்தனம்

சுவர் ஏ.ஏ.சி. கல்தான், கேட்டுவிட்டேன். மழைக்கு முன்னால் வடகத்தை இன்னொரு முறை வெயில் காட்ட வேண்டுமா? புரட்டாசியில் பால்கனிக்கு வெயில் வருமா?

பதில்: கூழ்க்கரண்டி

செப்டம்பர் நடுவில் ஓரமாக ஒன்றரை அடி வரும், இரண்டு தாம்பாளம் வைக்கலாம். ஆனால் அந்த மாதம் மாலை இடிமழை வரும், பகலை நம்பி வெளியே போய்விடாதீர்கள். ஒரு ஞாயிறு மொட்டைமாடியில் 10 மணியிலிருந்து 2 மணிவரை காட்டினால் போதும். அதற்கு மேல் விட்டால் கடல்காற்று ஈரத்தைக் கொண்டுவந்துவிடும்.